எழுத்தில்லாத காலத்துக்குக் கேமரா எதற்கு?

புகைப்படக் கலையில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "அகழாய்வில் எல்லாவற்றையும் அளந்து வரைந்துகொள்கிறார்கள். கிடைத்த பொருளை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுகிறார்கள். பிறகு புகைப்படத்துக்கு அங்கே என்ன வேலை? அதிலும் வரலாற்றுக்கு முற்பட்ட காலம் என்றால் கோயிலும் இல்லை, சிலையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. வெறும் கல்லையும் மண்ணையும் படம் எடுத்து என்ன ஆகப்போகிறது?"

கேள்வியின் கடைசிப் பகுதியிலேயே விடையும் இருக்கிறது. கல்வெட்டு இல்லாததால்தான் அங்கே படம் இவ்வளவு தேவைப்படுகிறது.

1839 ஜூலை 3 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அறிவியலாளர் அராகோ, டாகேரின் புதிய கண்டுபிடிப்பான புகைப்பட முறைக்கு ஆதரவாகப் பேசினார். அவர் எடுத்துக்காட்டியது எகிப்தின் தொல்சின்னங்களைத்தான். தீப்ஸ், மெம்பிஸ், கர்னாக் கோயில்களின் வெளிப்புறத்தை நிறைத்திருக்கும் சித்திர எழுத்துகளைப் படியெடுக்கப் படை படையாக ஓவியர்களும் பல பத்தாண்டுகளும் வேண்டும். இந்தக் கருவி இருந்தால் ஒரே ஆள் செய்துவிடலாம் என்றார். அதாவது புகைப்படம் பிறந்த நாட்களிலேயே அதற்குத் தொல்லியலில் ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருந்தது: எழுத்தைப் படியெடுப்பது.

எழுத்தே இல்லாத காலத்தில் எதைப் படியெடுப்பது? பழைய கற்கால மனிதன் கல்லில் செதுக்கிய ஒரு கைக்கோடாரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது யாருடையது, எக்காலத்தது என்று அதன்மேல் எதுவும் எழுதியிருக்காது. அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது, அதன் பக்கத்தில் எந்த விலங்கின் எலும்பு இருந்தது, அதற்கு மேலே எத்தனை அடி சரளை மூடியிருந்தது என்பவைதாம் அதன் வாசகம். கிடந்த இடத்திலிருந்து எடுத்த கணத்தில் அந்த வாசகம் கலைந்துவிடும். மறுபடி கொண்டுபோய் வைத்தால் திரும்பி வராது. ஒரே பிரதியாக இருக்கும் சுவடியை ஏடு ஏடாகப் படித்து, படித்த ஏட்டை அங்கேயே எரித்துவிடுகிற வேலை அகழாய்வு. எரிப்பதற்கு முன் எடுத்துவைத்த படிதான் பின்னால் வருகிறவர்களுக்கு மிச்சம். அந்தப் படிகளில் ஒன்று புகைப்படம்.

இது வெறும் கொள்கை அல்ல. மனித குலத்தின் வயதைப் பற்றிய பெரும் வழக்கு ஒன்று இப்படித்தான் நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரான்சின் வடக்கே சொம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அபவில் என்று ஓர் ஊர். அங்கே சுங்க அதிகாரியாக இருந்தவர் பூஷே த பெர்த். ஆற்றுச் சரளைக்குள், அழிந்துபோன யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் கிடக்கும் அதே அடுக்குகளில் மனிதன் செதுக்கிய கல் கருவிகளும் கிடைக்கின்றன என்று அவர் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார். 1840களின் இறுதியில் அதற்காகவே நூல் வெளியிட்டார். நூல் நிறையப் படங்கள். எல்லாம் கையால் வரைந்தவை, நேர்த்தி இல்லாதவை. உண்மையான கருவியும் இயற்கையாக உடைந்த கல்லும் அவற்றில் ஒன்றாகவே தோன்றின. எவரும் நம்பவில்லை. டார்வின்கூட அந்நூலைப் பார்த்துவிட்டுக் குப்பை என்று ஒதுக்கியதாகவும், அதை நினைத்து வெட்கப்படுவதாகவும் பின்னாளில் கடிதத்தில் எழுதினார்.

1859 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து இருவர் நேரில் பார்க்க வந்தார்கள். ஜோசப் பிரெஸ்ட்விச் மது வணிகர். ஜான் ஈவான்ஸ் காகித ஆலை நடத்தியவர். பிழைப்பு போக மிஞ்சிய நேரத்தையெல்லாம் நிலவியலுக்கும் தொல்பொருளுக்கும் கொடுத்த மனிதர்கள். அவர்கள் அபவிலில் இருந்தபோது ஆமியேன் நகரிலிருந்து தந்தி வந்தது. அந்நகரை ஒட்டிய சேன்ட் அச்சூல் சரளைக் குழியில் ஒரு கைக்கோடாரி இன்னும் மண்ணுக்குள்ளேயே செருகியபடி இருக்கிறது என்பது செய்தி. விரைந்து போனார்கள். 1859 ஏப்ரல் 27. கலையாத சரளைச் சுவரில் கல்லின் விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

அவர்கள் அதை உடனே பிடுங்கிவிடவில்லை. தங்கள் சாட்சியத்துக்கு வலுச் சேர்ப்பதற்காக ஒரு புகைப்படக்காரரை உடன் வைத்திருந்ததாக ஈவான்ஸ் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அது எளிய காரியம் அல்ல. அப்போது வழக்கத்தில் இருந்த கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். இருட்டறையையே குழிக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். அத்தனை சிரமத்துக்குப் பிறகு கிடைத்த படத்தில் சரளைச் சுவரின் முன் ஒரு தொழிலாளி நின்று, கல் செருகியிருக்கும் இடத்தை விரலால் சுட்டிக்காட்டுகிறார். அவ்வளவுதான் படம். கல்லின் அழகு அதில் தெரியாது, செதுக்கின நேர்த்தி தெரியாது. கல் *எங்கே* இருந்தது என்பது மட்டும் தெரியும். என்னைக் கேட்டால், வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தைப் பற்றி எடுத்த படங்களில் இதற்கு ஈடான ஒன்றைச் சொல்வது கடினம்.

மே 26 அன்று பிரெஸ்ட்விச் லண்டன் ராயல் சொசைட்டியில் தம் கட்டுரையைப் படித்தார். ஒரு வாரம் கழித்து ஈவான்ஸ் தொல்பொருள் ஆய்வாளர் கழகத்தில் பேசினார். அழிந்துபோன விலங்குகளின் காலத்தில் மனிதன் வாழ்ந்தான் என்பது அந்தக் கோடையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பரிணாமம் பற்றிய டார்வினின் பெரிய நூல் வெளிவரும் முன்பே இது நடந்துவிட்டது. படம் ஒன்றே உலகத்தை நம்பவைத்தது என்று சொல்ல மாட்டேன். பிரெஸ்ட்விச்சின் நிலவியல் புலமைக்கும் நேர்மைக்கும் இருந்த மதிப்பு பெரியது. ஆனால் நம்பாதவர் கூட்டத்தின் முன் நிற்கப்போகிறோம் என்று தெரிந்த இருவர், தங்கள் சொல் மட்டும் போதாது, கருவி ஒன்றின் சாட்சியும் வேண்டும் என்று நினைத்ததைக் கவனியுங்கள். அந்த நினைப்புதான் இன்றுவரை ஒவ்வோர் அகழாய்வுக் குழியிலும் நடக்கிறது.

கதை அத்தோடு முடியவில்லை. அன்று எடுத்த கல் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான கற்களுக்கிடையே கலந்துவிட்டது. கிளைவ் கேம்பிள், ராபர்ட் குரூஷின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பிரெஸ்ட்விச் சேகரிப்பைத் துழாவி அதைக் கண்டெடுத்து, 150 ஆண்டு நிறைவான 2009 இல் அறிவித்தார்கள். கல்லின்மேல் ஒட்டியிருந்த சீட்டில் அந்த ஏப்ரல் நாளின் தேதி இருந்தது. படமும் கல்லும் சீட்டும் ஒன்றுசேர்ந்தபோதுதான் வாசகம் முழுமை பெற்றது. அச்சூலியன் கைக்கோடாரி என்று நம் பாடநூல்களில் வரும் பெயர் இந்தச் சேன்ட் அச்சூலிலிருந்து வந்ததே.

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தச் செய்திகளால் தூண்டப்பட்ட நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் நான்கே ஆண்டுகளில், 1863 மே 30 அன்று, சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கைக்கோடாரி ஒன்றைக் கண்டெடுத்தார். ஆனால் அது சரளைக் குழியிலிருந்து தோண்டி வெளியே கொட்டியிருந்த மண்ணில் கிடைத்தது. மண்ணடுக்கில் கிடக்கும் கருவிகளைத் தேடி அவ்வாண்டே அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கம் போனார்கள். அங்கே 1999 இலிருந்து தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் பொறுமையாக அடுக்கடுக்காகத் தோண்டிப் பதிவுசெய்ததால்தான், 2011 இல் அக்கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று சொல்ல முடிந்தது. கல் இரண்டு இடத்திலும் ஒரே வகைக் கல்தான். பல்லாவரத்துக் கல்லைப் பற்றி அவ்வளவு சொல்ல முடியாததற்குக் காரணம் அது கிடந்த இடம் கலைந்துபோனது.

படத்தின் எல்லையையும் மறைக்கக் கூடாது. 1863 இல் அதே அபவிலுக்குப் பக்கத்தில், மூலேன் கீனியோன் குழியில், மனிதத் தாடை எலும்பு ஒன்று கிடைத்தது. பிரெஞ்சு அறிஞர்கள் கொண்டாடினார்கள். வெகுமதிக்காகத் தொழிலாளர்களே புதைத்துவைத்தது என்று ஆங்கில அறிஞர்கள் வாதிட்டார்கள். அவர்கள் பக்கமே உண்மை நின்றது. படம் ஒரு பொருள் எங்கே கிடந்தது என்று சொல்லும். அதை அங்கே வைத்தது ஆறா, ஆளா என்று சொல்லாது. அதற்கு மண்ணை வாசிக்கத் தெரிந்த கண் வேண்டும்.

இடத்தை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் படம் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹைன்ரிஷ் ஷ்லீமானைப் பார்க்கலாம். கிரேக்கக் காவியம் பாடும் டிராய் நகரைத் தோண்டிய அவர் 1874 இல் 218 தகடுகள் கொண்ட புகைப்படத் தொகுப்பை வெளியிட்டார். அக்காலத்துக்கு மிகப் பெரிய முயற்சி. 'பிரையம் மன்னனின் புதையல்' என்று அவர் பெயர்சூட்டிய பொன், வெள்ளி, செம்புப் பொருட்களைத் தட்டுகளில் அடுக்கி எடுத்த படம் உண்டு. அவர் மனைவி சோஃபியா அந்தப் பொன் அணிகளைப் பூட்டிக்கொண்டிருக்கும் படம் உலகப் புகழ் பெற்றது. புதையல் மண்ணில் கிடந்த கோலத்தில் ஒரு படம் மட்டும் இல்லை. கண்டெடுத்தபோது சோஃபியா பக்கத்தில் நின்றதாக முதலில் எழுதிய ஷ்லீமான், பிறகு அவர் அப்போது ஏதென்சில் இருந்ததை ஒப்புக்கொண்டார். அவ்வளவும் ஒரே இடத்தில் ஒரே நாளில் கிடைத்ததா, பல இடங்களில் கிடைத்ததை ஒன்றாகச் சேர்த்தாரா என்ற விவாதம் எழுந்தது. அந்தப் பொருட்கள் டிராய் போருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முற்பட்ட வெண்கலக் காலத்தவை என்பதும் பின்னால்தான் தெரிந்தது. அழகான படங்கள் 218 தகடுகள் இருந்தும், தேவைப்பட்ட ஒரு படம் இல்லை. ஆமியேனில் ஒரு கல்லுக்குச் செய்ததை அந்தப் பொன்னுக்கு யாரும் செய்யவில்லை.

இனி, குழிக்குள் இறங்கிப் பார்ப்போம். உங்கள் கேள்விக்குக் கேமராக்காரர் என்ற முறையில் விடை வேண்டுமென்றால் அது இங்கேதான் இருக்கிறது.

அகழாய்வுப் படம் எடுப்பதில் பெரும் பகுதி கேமராவைத் தொடுவதற்கு முன்னால் நடக்கிற வேலை. குழியின் விளிம்பைக் கயிறு பிடித்து நேராகச் செதுக்க வேண்டும். வெட்டுமுகத்தைக் கரண்டியால் மேலிருந்து கீழாகச் சுரண்டி, அடுக்குகளின் நிறம் தனித்தனியே தெரியும்படி புதுமண் முகத்தைக் கொண்டுவர வேண்டும். தரையைப் பெருக்கி, காலடித் தடங்களை அழித்துக்கொண்டே பின்னோக்கி வெளியேற வேண்டும். கூடை, கடப்பாரை, தண்ணீர்ப் பாட்டில், செருப்பு எதுவும் சட்டகத்துக்குள் இருக்கக் கூடாது. பிறகு சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசிய அளவுகோலைச் சட்டகத்தின் விளிம்புக்கு இணையாக வைக்க வேண்டும். வடதிசைக் குறி வேண்டும். இடம், குழி எண், அடுக்கு எண், தேதி எழுதிய சிறு பலகை வேண்டும். அளவுகோல் இல்லாத அகழாய்வுப் படத்தில் ஒரு பானை ஓடும் ஒரு முதுமக்கள் தாழியும் ஒரே அளவில் தெரியும். அந்தப் படத்தை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

வெளிச்சத்தில் ஒரு விசித்திரம் உண்டு. குழிக்குள் மண்ணின் நிற வேறுபாட்டைக் காட்ட மேகமூட்டமான வெளிச்சம்தான் நல்லது. நம் ஊர் வெயிலில் குழியின் ஒரு பாதி கண்கூசும் வெளிச்சமும் மறுபாதி கரிய நிழலுமாகிவிடும். தார்ப்பாய் பிடித்து முழுக் குழிக்கும் நிழல் கொடுத்து எடுப்பார்கள், அல்லது சூரியன் ஏறுமுன் எடுத்து முடிப்பார்கள். கல்லில் செதுக்கிய கோடுகளை எடுப்பதற்கு நேர்மாறான வெளிச்சம் வேண்டும். பக்கவாட்டில் மிகத் தாழ்வாக விழும் ஒளி இருந்தால்தான் ஆழமற்ற கோடும் நிழல் காட்டும். எதிரிலிருந்து ஃபிளாஷ் அடித்தால் ஐயாயிரம் ஆண்டுக் கீறலும் படத்தில் தெரியாமல் போய்விடும்.

பொருளை எடுப்பதற்கு முன் ஒரு படம், சுற்றிலும் மண் நீக்கியபின் ஒரு படம், எடுத்த பின் அது இருந்த பள்ளத்தையும் ஒரு படம். இதில் மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பள்ளத்தின் அடியில் இன்னோர் அடுக்கு தொடங்கியிருக்கலாம்.

இந்த ஒழுங்கை ஒரு கட்டாயமாக்கியதில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலருக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய அகழாய்வுகளைப் படம் எடுத்த எம். பி. குக்சன் 1954 இல் தொல்லியலாளர்களுக்கென்றே புகைப்பட நூல் எழுதினார். வீலர் 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்தார். தட்சசீலத்திலும் அரிக்கமேட்டிலும் அவரிடம் பயின்றவர்கள் வழியாகத்தான் நம் குழிகளின் நேரான சுவர்களும் சிவப்பு வெள்ளைக் கோல்களும் வந்தன.

குழியை விட்டு மேலே போனால் வேறொரு கதை. 1906 இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் பலூன் பிரிவைச் சேர்ந்த லெப்டினன்ட் ஷார்ப், இங்கிலாந்தின் பெருங்கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை வானிலிருந்து படம் எடுத்தார். தரையில் நின்றால் தெரியாத பள்ளங்களும் பாதைகளும் அதில் கோடுகளாகத் தெரிந்தன. முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து எதிரியின் பதுங்குகுழிகளைப் படம் எடுக்கக் கற்றவர்கள், போர் முடிந்ததும் அதே கண்ணோடு வயல்களைப் பார்த்தார்கள். ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு 1920களில் அதை ஒரு முறையான ஆய்வாக ஆக்கினார்.

அதன் சூட்சுமம் ஒரு விவசாயிக்கு உடனே புரியும். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டிய அகழி தூர்ந்து சமமாகிவிட்டது. ஆனாலும் அந்த இடத்தில் மண் ஆழம், ஈரம் அதிகம். அதன்மேல் விளையும் கோதுமை உயரமாக, பச்சையாக நிற்கும். புதைந்த கல் சுவரின் மேல் மண் மெல்லியது. அங்கே பயிர் முன்னதாகவே மஞ்சளித்துவிடும். வயலுக்குள் நடப்பவனுக்கு ஏதோ சில தண்டுகள் உயரம் கூடின என்று மட்டும் தெரியும். மேலிருந்து பார்த்தால் முழு வட்டமும் வரைந்தாற்போல் நிற்கும். 1925 இல் விமானி கில்பர்ட் இன்சால், ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு வயலில் விசித்திரமான வட்டத்தைக் கவனித்தார். அடுத்த ஜூலையில் கோதுமை நன்கு வளர்ந்தபோது புள்ளி புள்ளியாக வளையங்களுக்குள் வளையங்கள் எழும்பின. தொல்லியலாளர் மோட் கன்னிங்டன் தோண்டிப் பார்த்தபோது ஆறு வளையங்களாக மரத்தூண்கள் நட்ட குழிகள் கிடைத்தன. மரம் மக்கி நாலாயிரம் ஆண்டுகளாகிவிட்டன. பயிர் அதை நினைவில் வைத்திருந்தது. உட்ஹெஞ்ச் என்று அதற்குப் பெயர் வந்தது.

2018 ஜூலையில் அயர்லாந்தில் கடும் வறட்சி. நியூகிரேஞ்ச் என்ற தொல் கல்லறை மேட்டுக்கு அருகே ஆந்தனி மர்ஃபி, கென் வில்லியம்ஸ் என்ற இருவர் டிரோன் பறக்கவிட்டபோது இதுவரை யாரும் அறியாத பெரிய வட்டம் ஒன்று வயலில் தெரிந்தது. இருவரும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்லர். ஒருவர் எழுத்தாளர், மற்றவர் பெருங்கற்சின்னங்களைப் படம் எடுப்பவர். கேமரா வைத்திருக்கும் உங்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

வானிலிருந்து பார்ப்பது பற்றி இன்னொன்று. 1920களில் கெய்ரோவிலிருந்து பாக்தாதுக்கு அஞ்சல் கொண்டுபோன விமானிகள் பாலைவனத்தில் காற்றாடி வடிவில் கல் வரிசைகளைக் கண்டார்கள். மான் கூட்டங்களை விரட்டி அடைப்பதற்காக வரலாற்றுக்கு முற்பட்ட மக்கள் கட்டிய பொறிகள் அவை. சில கிலோமீட்டர்கள்கூட நீள்பவை. தரையில் நின்றால் முழு உருவம் பிடிபடாது. 2023 இல் ஒரு செய்தி வந்தது: ஜோர்டானிலும் சவூதி அரேபியாவிலும் இந்தப் பொறிகளின் வரைபடத்தை அளவு பிசகாமல் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள், எட்டாயிரம், ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே. பறக்காதவர்கள் மேலிருந்து பார்த்ததுபோல் வரைந்திருக்கிறார்கள். நமக்கு விமானமும் கேமராவும் வந்த பிறகு தெரிந்த உருவத்தை அவர்கள் நடந்தே மனத்தில் கட்டியிருக்கிறார்கள் என்பதைப் படித்த அன்று நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

"அளந்து வரைந்தால் போதாதா" என்று கேட்டீர்கள். இதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

பிரான்சின் ட்ரோயா ஃப்ரேர் குகையில் பாதி மனிதன், பாதி விலங்கு போன்ற ஓர் உருவம் இருக்கிறது. அதைப் பிரதியெடுத்தவர் பாதிரியார் ஆன்ரி புரோய். அவர் வரைந்த படத்தில் கிளைத்த மான்கொம்புகள் தெளிவாக இருக்கின்றன. 'மந்திரவாதி' என்ற பெயரோடு அந்த ஓவியம் உலகமெங்கும் நூல்களில் ஏறியது. பின்னால் வந்த புகைப்படங்களில் கொம்பு சரியாகத் தெரியவில்லை. புரோய் கற்பனை செய்துவிட்டார் என்றார்கள் சிலர். குகை ஓவிய அறிஞர் ஜான் குளோத் அந்த உருவத்தை நேரில் பலமுறை பார்த்தவர். கொம்புகள் மெல்லிய கீறல்களாக இருக்கின்றன, வண்ணத்தை மட்டும் பிடித்த படத்தில் அவை வராது என்றார். படத்துக்கு ஒரு பக்கத்து வெளிச்சம்தான் உண்டு. வரைபவரோ விளக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி, பல மணி நேரம் பார்த்ததை ஒரே தாளில் சேர்க்கிறார். ஆகவே வரைபடத்தை யாரும் கைவிடவில்லை, கைவிடவும் கூடாது. எது அடுக்கு, எது வெறும் கறை என்று தீர்மானிக்க வரைகிற கை கட்டாயப்படுத்தும். ஷட்டரை அழுத்துகிற விரலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் வரைபடம் மட்டும் இருந்து படம் இல்லாமல் போனால்? துருக்கியில் சத்தல்ஹூயுக் என்ற புதிய கற்கால ஊரை 1960களின் முற்பகுதியில் தோண்டிப் புகழ்பெற்றவர் ஜேம்ஸ் மெல்லார்ட். அதற்கு முன், 1959 இல், தோராக் என்ற இடத்துப் புதையல் என்று சில வரைபடங்களை லண்டன் இதழ் ஒன்றில் வெளியிட்டார். இஸ்மிரில் ஒரு பெண் தம் வீட்டில் காட்டினார், வரைந்துகொள்ள அனுமதித்தார், படம் எடுக்க விடவில்லை என்றார். அந்தப் புதையலை வேறு எவரும் கண்டதே இல்லை. 1989 இல் சத்தல்ஹூயுக் சுவரோவியங்கள் என்று மேலும் பல வரைபடங்களை வெளியிட்டார். அவற்றுக்கும் புகைப்படம் இல்லை. அவர் மறைந்த பிறகு, அவர் வீட்டில் அந்த ஓவியங்களுக்கான ஒத்திகைப் படிகள் இருந்தன என்று 2018 இல் செய்தி வெளிவந்தது. அவர் உண்மையாகவே தோண்டி எடுத்த அற்புதங்கள் சத்தல்ஹூயுக்கில் ஏராளம். அவற்றின்மேலும் இப்போது நிழல் விழுந்துவிட்டது. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த ஊரைப் பற்றிப் படித்துத்தான் இந்தத் துறைமேல் எனக்குக் காதல் வந்தது.

மனிதக் கண்ணுக்கு எட்டாததைப் படம் எட்டுவதும் உண்டு. ஆல்ப்ஸ் பனியில் 1991 இல் கிடைத்த, 5,300 ஆண்டு பழமையான ஏட்ஸியின் உடலைக் கண்ணுக்குப் புலப்படாத ஒளி அலைகளிலும் படம் எடுத்தபோது புதிய பச்சைக்குத்தல்கள் தெரிந்தன. 2015 இல் மொத்தம் 61 என்று எண்ணி முடித்தார்கள். பாறை ஓவியங்களுக்கு டிஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருள் உண்டு. செயற்கைக்கோள் படங்களுக்காக உருவான நிற விரிவாக்க முறையை ஜான் ஹார்மன் பாறை ஓவியங்களுக்குக் கொண்டுவந்தார். வெறும் பாறை என்று நாம் கடந்துபோகும் இடத்தில், சாதாரண கேமராவில் எடுத்த படத்திலிருந்தே மங்கிய காவி உருவங்கள் எழுந்துவரும்.

இதையொட்டி ஒரு வேண்டுகோள். கீழ்வாலை, செத்தவரை போன்ற பாறை ஓவிய இடங்களுக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள், நிறம் பளிச்சென்று தெரியட்டும் என்று பாறையில் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிலர் துணியால் துடைப்பார்கள். சிலர் சுண்ணக்கட்டியால் ஓவியத்தின் ஓரத்தை வரைந்துகொள்வார்கள். தண்ணீர் காயும்போது பாறைக்குள்ளிருந்து உப்பை மேலே இழுத்துவரும். அது ஓவியத்தின்மேல் வெள்ளைப் படலமாகப் படியும். ஒரு நல்ல படத்துக்காக அந்த ஓவியத்தின் ஆயுளைக் குறைக்கிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். உலர்ந்த பாறையை நிழலில் எடுத்து, மீதியைக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம். பிரான்சில் பழங்கால ஓவியங்கள் நிறைந்த லாஸ்கோ குகையை 1963 இல் மூட நேர்ந்ததற்குக் காரணம் பார்வையாளர்களின் மூச்சும் விளக்கும்தாம். இன்று மக்கள் பார்ப்பது பிரதியை.

பொருளே இல்லாமல் போய்ப் படம் மட்டும் மிஞ்சுவதும் உண்டு. சீனாவின் சௌகௌதியனில் கிடைத்த பீக்கிங் மனிதன் என்ற தொல்மனித இனத்தின் எலும்புகள் 1941 இறுதியில் போர்க் குழப்பத்தில் காணாமல் போயின. அச்சுவார்ப்புகளையும் படங்களையும் வைத்துத்தான் இன்றும் ஆய்வு நடக்கிறது.

அதைவிட என்னை உலுக்கியது இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஹேஸ்பரோ என்ற ஊரில் நடந்தது. 2013 மே மாதம் கடல் அலைகள் மணலை வாரிக்கொண்டு போக, அடியிலிருந்த பழைய களிமண் தரை வெளிப்பட்டது. அதில் நீள்வட்டப் பள்ளங்கள். எட்டு லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதக் காலடிகள். வெட்டி எடுக்க வழியில்லை, மூடிக் காக்கவும் வழியில்லை. ஒவ்வோர் அலையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போனது. ஆய்வாளர்கள் மழையில் நின்று பள்ளங்களில் தேங்கிய நீரை இறைத்து இறைத்துப் பல கோணங்களிலிருந்து படம் எடுத்தார்கள். ஒன்றன்மேல் ஒன்று கவியும்படி எடுத்த படங்களில் ஒரே புள்ளி எங்கெங்கே வருகிறது என்று கணினி தேடி, நம் இரு கண்கள் ஆழம் காண்பதுபோலவே ஆழத்தைக் கணக்கிட்டு, முப்பரிமாண வடிவத்தைக் கட்டிவிடும். இரண்டே வாரத்தில் தடங்கள் முழுக்க அழிந்தன.

அந்தப் படங்களிலிருந்துதான் மற்றதெல்லாம் தெரிந்தது. முழு வடிவம் தெளிந்த தடங்கள் 12. குறைந்தது ஐந்து பேர். உயரம் 0.93 மீட்டர் முதல் 1.73 மீட்டர் வரை. அப்படியென்றால் குழந்தைகளும் கூட வந்திருக்கிறார்கள். ஆற்றின் கழிமுகச் சேற்றில் பெரும்பாலும் தெற்கு நோக்கி நடந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை அறிந்ததிலேயே மிகப் பழைய மனிதக் காலடிகள். அந்தப் பதினைந்து நாளில் யாரும் கேமராவோடு போகவில்லை என்றால், அந்தக் குழந்தை நடந்ததே நமக்குத் தெரிந்திராது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஆற்றங்கரையிலோ செம்மண் மேட்டிலோ நடக்கும்போது செதுக்கியது போன்ற ஒரு கல்லையோ, மண்சரிவில் தாழியின் விளிம்பையோ கண்டால் உடனே கையில் எடுக்காதீர்கள். பேனாவையோ நாணயத்தையோ பக்கத்தில் வைத்து, அது கிடக்கிறபடியே நெருக்கமாக ஒரு படம். நான்கடி பின்வாங்கி, சுற்றியுள்ள மண்ணோடு ஒரு படம். இன்னும் தள்ளிப்போய், பனைமரமோ பாறையோ குன்றோ அடையாளமாகத் தெரியும்படி ஒரு படம். கைப்பேசியில் இருப்பிடப் பதிவு இயங்குகிறதா என்று பாருங்கள். மூன்று படங்களையும் தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ கொடுங்கள். கல் அங்கேயே இருக்கட்டும்.